பத்திய ரொட்டி

எங்கள் ஊரில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் சோற்றை நிறுத்துவார்கள். அப்புறம்தான் வைத்தியரைத் தேடுவார்கள். காய்ச்சலா, சோறு கூடாது. வயிற்றுப்போக்கா, சோறு கூடவே கூடாது. புளியமரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டவனுக்குக்கூடச் சோறு போடாமல் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கைக்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. சோறு நின்ற இடத்துக்கு வருவது ரொட்டி. ஐம்பதுகளின் போடிநாயக்கனூரில் ரொட்டி சாப்பாடு இல்லை, மருந்து. திடமாக நடமாடுகிற ஒருவர் கடைவீதியில் ரொட்டி வாங்கிக்கொண்டு போனால் எதிரே வருகிறவர் நின்று, “வீட்ல யாருக்கு என்ன செய்யுது?” என்று விசாரித்துவிட்டுத்தான் வழிவிடுவார்.

அந்த மருந்தை எட்டு வயதுவரை மூன்று வேளையும் தின்று வளர்ந்தவள் நான். வளர்ந்தவள் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். கையும் காலும் முருங்கைக்காய், வயிறு மட்டும் சின்னப் பானை. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாது. தின்ற கையோடு கொல்லைப் பக்கம் ஓடவேண்டும். பள்ளிக்கூடத்தில் என்னைக் கதவோரமாக உட்கார வைத்திருந்தார்கள், எழுந்து ஓட வசதியாக. பிறகு அந்த வசதியும் போதாமல் போய் என்னை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது ஏதோ ஒரு காய்ச்சலில் சோற்றை நிறுத்தினார்களாம். வயிறு சரியாகட்டும், போடலாம் என்றார்களாம். வயிறு சரியாகவே இல்லை. ஆகவே சோறும் வரவே இல்லை.

காலையில் பாலில் ஊறப்போட்ட பன். மத்தியானம் ரொட்டி, மிளகுத் தண்ணீரில் தோய்த்து. சாயங்காலம் ரஸ்க். ராத்திரிக்குக் கோதுமைக் கஞ்சி, இல்லாவிட்டால் ரவைக் கஞ்சி. அப்பா ஏலக்காய் வியாபாரி, கையில் வசதி இருந்தது. அரிசிக்கே ஊர் அல்லாடிய காலத்திலும் மதுரையிலிருந்து கல் இல்லாத சம்பா கோதுமை எனக்கென்று மூட்டையில் வந்து இறங்கும். அப்பா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பெண்பிள்ளைமேல் உள்ள பிரியத்தை அவர் கோதுமையாகத்தான் காட்டினார்.

ரொட்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த சேட்டன் கடையிலிருந்து வரும். சேட்டன் மலைக்கு அந்தப் பக்கம், மலையாள தேசத்திலிருந்து இறங்கி வந்து அடுப்புப் போட்டவர். காலையில் எடுக்கிற முதல் ஈடு எனக்குத்தான். வேறு யார் காசை நீட்டினாலும், “இது அசுகக்காரி மோளுக்குள்ளதாக்கும்” என்று சீக்குப் பிள்ளையான எனக்கென்று எடுத்து ஒதுக்கி வைத்துவிடுவார். நல்ல மனுஷன். எங்கள் வீட்டில் எல்லாருமே நல்ல மனுஷர்கள்தான். அதுதான் தொந்தரவே.

வீட்டின் முன்கட்டு முழுக்கச் சரக்கு வைக்கிற கிட்டங்கி. மலையிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற ஏலக்காயை அங்கே கொட்டி, பத்துப் பதினைந்து பெண்கள் முறத்தை வைத்துக்கொண்டு பருங்காய், சிறுகாய், வெடித்த காய் என்று பொறுக்கிப் பிரிப்பார்கள். மத்தியானம் அவர்கள் தூக்குவாளியைத் திறக்கிற நேரத்துக்கு நான் மெல்லப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பழைய சோறும் வறுத்த மோர்மிளகாயும். சாமி, அந்த வாசனை! ஒரு ஊருக்கே மணக்கிற ஏலக்காய்க் குவியல் முன்னால் கிடக்க, நான் பழைய சோற்றை மோந்துகொண்டிருப்பேன். அவர்களுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் ஒரு பருக்கை தரமாட்டார்கள். அம்மாவிடம் அவ்வளவு பயம்.

அம்மா கோபக்காரி இல்லை. சத்தம் போட்டுப் பேசினதுகூட இல்லை. ஆனால் பத்தியம் என்று வந்துவிட்டால் அவளை அசைக்க முடியாது. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ்க்கை சரியில்லாமல் எங்களோடு இருந்தாள். எதற்கெடுத்தாலும் அம்மாவைக் குறை சொல்லுகிற அந்த அத்தையே இந்த ஒரு விஷயத்தில் அம்மாவைப் பாராட்டுவாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சுவரில் மாட்டியிருக்கிற படத்தைக் காட்டிச் சொல்லுவாள்.

அது என் அண்ணனுடைய படம். நான் தவழ்கிற காலத்திலேயே போய்விட்டான். எனக்கு முகம் நினைவில்லை. மதுரையில் ஸ்டுடியோவில் எடுத்தது. தொப்பி வைத்து, மர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவனுக்கும் சின்னப் பானை வயிறு, சட்டைப் பொத்தான் இழுத்துக்கொண்டு நிற்கும். “கடைசி மட்டும் சோறு சோறுன்னுதான் அழுதான் பய. ஒரே ஒரு வாய்ம்மா, ஒரே ஒரு வாய்ம்மான்னு கையைப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சுனான். பாத்த எங்களுக்கே மனசு கேக்கல. இவ குடுத்தாளாங்குறீங்க? கல்லு மாதிரி இருந்து ரொட்டியத்தான் ஊட்டுனா. இவள மாதிரிப் பத்தியம் காக்க எவளாலயும் முடியாது” என்பாள் அத்தை. அம்மா முகத்தில் ஒரு திருப்தி இருக்கும், நம்மால் ஆனதையெல்லாம் செய்தோம் என்கிற திருப்தி.

வருஷா வருஷம் மாசி மாதத்தில் அவனுடைய நாள் வரும். படத்துக்குப் பூப் போட்டு, இலை விரித்து, அவனுக்குப் படைப்பார்கள். இரண்டு பன், ஒரு டம்ளர் பால், சீனி. சேட்டன் அன்றைக்கு மட்டும் பன்னுக்குள் கொஞ்சம் உலர்ந்த திராட்சை வைத்துச் சுட்டுத் தருவார். படைத்து முடிந்ததும் பன் எனக்கு. அண்ணன் செத்துப்போனதில் எனக்கு நேரடியாகக் கிடைத்த லாபம் அதுதான் என்பதால் அந்த நாளை ஆசையாக எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் வயிற்றுக்கு யார் யாரோ என்னென்னவோ பெயர் வைத்தார்கள். கணை என்றார் நாட்டு வைத்தியர். பட்சி தோஷம் என்றாள் அத்தை. இடுப்பில் தாயத்துக் கட்டினாள். கம்பவுண்டர் பூச்சி என்று சொல்லி விளக்கெண்ணெய் கொடுத்தார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் சோறு கூடாது என்பதில் மட்டும் மூன்று பேரும் ஒரே கட்சி.

அந்த வருஷம் காய்ப் பறிப்பு தொடங்குகிற சமயத்தில் மாமா மலையிலிருந்து இறங்கி வந்தார். மாமா அம்மாவுக்குத் தம்பி. குரங்கணிக்கு மேலே எங்களுக்கு இருந்த சின்ன ஏலத்தோட்டத்தை அவர்தான் பார்த்துக்கொண்டார். கல்யாணம் ஆகாதவர், எதிலும் நிலையில்லாதவர், சிரித்தே காரியத்தைச் சாதிக்கிறவர். என்னைத் தூக்கிப் பார்த்தார், முகம் சுண்டிப்போயிற்று.

“என்னக்கா இது, காய்ஞ்ச சுள்ளி கணக்கா இருக்கா? எங்கூட மலைக்கு அனுப்பு. நல்ல காத்து, நல்ல தண்ணி. ரெண்டு மாசத்துல குண்டுப் பிள்ளையாக் கொண்டாந்து விடுறேன்.”

“நீ பத்தியம் காப்பியாடா? ஒன்னைய நம்பி ஒரு பூனைக்குட்டியக்கூட அனுப்ப முடியாது” என்றாள் அம்மா.

வழக்கமாக வாயைத் திறக்காத அப்பா அன்றைக்குத் திறந்தார். “மாப்ள சொல்றதும் சரிதான். அனுப்பித்தான் பாப்போமே.” அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. எல்லா வழியையும் பார்த்தாயிற்று, இது ஒன்றுதான் பாக்கி என்கிற குரல். அம்மா சாமான் கட்ட உட்கார்ந்தாள்.

பெரிய தகர டின் நிறைய ரஸ்க். துணியில் சுற்றி ஏழெட்டு ரொட்டி. கோதுமை மாவு ஒரு சாக்கு. மாமாவின் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். “ஒரு பருக்கை சோறு அவ வாயில படக்கூடாது. பட்டுச்சுன்னு தெரிஞ்சது, அக்கான்னு சொல்லிக்கிட்டு இந்த வாசப்படி ஏறாத.” மாமா சாமி மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டு, “உசுரக் குடுத்துக் காப்பேன்க்கா” என்றார்.

குரங்கணிவரை லாரி. அங்கிருந்து மட்டக்குதிரை. ஒரு குதிரையில் நான், இன்னொன்றில் என் பத்தியம். பாதி வழியில் ஓடையைத் தாண்டும்போது பத்தியக் குதிரை சறுக்கி, மாவுச் சாக்கு தண்ணீரில் விழுந்துவிட்டது. மேலே போய்ப் பார்த்தால் மாவெல்லாம் ஒரே கட்டி. மாமா அதைக் குதிரைகளுக்கே போட்டுவிட்டார். ரொட்டிகளை ஓலைக் கொட்டகையின் ஈரக்காற்று பார்த்துக்கொண்டது. நாலாம் நாளே பச்சைப் பூசணம். மிஞ்சினது ரஸ்க் டின் ஒன்றுதான். நல்ல இறுக்கமான மூடி. மலையிலே எந்த ஈரமும் உள்ளே போக வழியில்லை.

ஆனால் மாமாவின் கை போக வழியிருந்தது. மலைக்குளிரில் விடியற்காலையில் பால் விடாத கட்டன்காப்பி குடிக்கிற மனுஷனுக்குப் பக்கத்தில் ஒரு டின் ரஸ்க் இருந்தால் என்ன ஆகும்? “ஒண்ணே ஒண்ணுதான் ஆத்தா” என்று எனக்குச் சொல்லிவிட்டுத் தோய்ப்பார். எனக்கும் ரஸ்க்கைக் கண்டாலே குமட்டும், ஆகவே நான் ஏன் தடுக்கப்போகிறேன்? “எனக்கும் சேத்து நீங்களே தின்னுங்க மாமா” என்று உற்சாகப்படுத்தினேன். ஒருநாள் டின்னுக்குள் கையை விட்டவர் அடித்தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ, போச்சுடா!” என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கீழே ஆள் அனுப்பி வாங்கலாம் என்றால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் தண்ணீர் கரை புரண்டு ஓடியது. பாதை ஓரிடத்தில் சரிந்து குதிரை ஏறவில்லை. கொட்டகையில் இருந்தது அரிசி, கப்பைக்கிழங்கு, கருவாடு. மாமா மத்தியானம்வரை குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தார். நான் பசியில் சுருண்டு படுத்திருந்தேன். கடைசியில் அடுப்பைப் பற்றவைத்தார். சோற்றைக் குழையக் குழைய வடித்து, உப்புப் போட்டுப் பிசைந்து, ஒரு வாய் எடுத்து என் உதட்டுக்கு நேரே கொண்டுவந்து அப்படியே நிறுத்திக்கொண்டார்.

“ஆத்தா, ஒனக்கு என்னமும் ஆச்சுன்னா நான் இந்த மலையவிட்டு எறங்க மாட்டேன், தெரியுமா?”

நான் அந்தக் கையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டேன். எனக்கு நினைவு தெரிந்து தின்ற முதல் சோறு அது. வெறும் உப்புச்சோறு. அதற்கப்புறம் எத்தனை கல்யாண வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், அந்த ருசி வரவில்லை.

மறுநாள் காலைவரை மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த நாள் நானே கேட்டு வாங்கித் தின்றேன். பிறகு கப்பை, கருவாட்டுக் குழம்பு, மலைவாழைப்பழம் எல்லாம். கொஞ்சம் கொஞ்சமாக வயிறு அடங்கியது. கொல்லைக்கு ஓடுவது நின்றது. மழை விட்டபோது நான் ஏலச்செடிகளுக்கு நடுவில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தேன். பாதையைச் சரிசெய்த பிறகும் ரஸ்க் வாங்க மாமா யாரையும் கீழே அனுப்பவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. இறங்குகிற அன்றைக்குக் காதோடு சொன்னார்: “சோத்துக் கதை நம்ம ரெண்டு பேருக்குள்ள. உங்கம்மா காதுக்குப் போச்சு, என்னைய உரிச்சுக் களத்துல காயப்போட்டுருவா.”

வீட்டில் என்னைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு அழுதார்கள். கன்னத்தில் சதை வைத்திருந்தது. அத்தை தன் தாயத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்மா நேர்ந்துகொண்ட சாமிக்குக் காசு முடிந்து வைத்தாள். அப்பா மலைக்காற்று என்றார். சேட்டன் ஓடிவந்து பார்த்து, “எல்லாம் நம்ம ரஸ்க்கிண்ட பலமாக்கும்!” என்றார். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மாமாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரஸ்க்குக்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்றால் விடலாமா? அம்மா வேளைக்கு ஒன்று என்றிருந்ததை இரண்டாக்கினாள். நான் அழுது பார்த்தேன். “தேறி வர்ற நேரத்துல கெடுத்துக்கக் கூடாது ஆத்தா” என்று மடியில் போட்டு ஊட்டினாள். தை பிறப்பதற்குள் பானை வயிறு திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை மோசம். காலில் வீக்கம், எழுந்து நிற்க முடியவில்லை. தின்றதெல்லாம் வெளியே வந்தது. காய் பொறுக்குகிற பெண்கள் என் கட்டிலைத் தாண்டிப் போகும்போது பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அம்மா என்னைப் பார்ப்பாள், உடனே சுவரில் இருக்கிற படத்தைப் பார்ப்பாள். அண்ணனும் இந்த வயிறோடும் இந்த வீக்கத்தோடும்தான் போனான் என்று அத்தை அடுப்படியில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. சாவு என்றால் படமாகி மாட்டிக்கொள்வது என்றுதான் எனக்குத் தெரியும். எனக்குத் தொப்பி வேண்டாம் என்று சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு ஆள் போயிற்று. வந்து கட்டிலண்டை நின்றவர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். மலையில் போட்ட சோறுதான் உள்ளே இருந்து இப்போது வேலை காட்டுகிறது என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. எதையும் சொல்லாமல் எங்களோடு மதுரைக்கு ரயிலேறினார். அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த டாக்டரம்மா ஒருவர் குழந்தைகளைப் பார்க்கிறார் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள்.

டாக்டரம்மா மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி. என் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். அதைவிட அதிகமாகக் கேள்வி கேட்டார். எப்போதிலிருந்து, எத்தனை தடவை, என்ன நிறம், என்ன சாப்பாடு. அம்மா எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னாள். கைக்குழந்தையிலிருந்து பத்தியம் தவறவில்லை என்று சொல்லும்போது மட்டும் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

“நடுவில் எப்பவாவது நல்லா இருந்தாளா?”

“மலையில இருந்தப்ப ரெண்டு மாசம் நல்லாத் தேறிட்டா. வந்ததும் திரும்பப் படுத்துட்டா.”

“அங்க என்ன சாப்பிட்டா?”

“இங்க சாப்பிட்டதேதான். நானேதான் கட்டிக் குடுத்துவிட்டேன்.”

மாமாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பெரிய ஆம்பளை, மீசை வைத்தவர், டாக்டரம்மா மேஜைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான்தாம்மா பாவி. நான்தான் பிள்ளையக் கெடுத்துட்டேன். சோறு போட்டேன்.”

அம்மா, சத்தம் போட்டே அறியாத என் அம்மா, மாமாவின் முதுகில் ஓங்கி அடித்தாள். “அடப்பாவி! ஒரு பிள்ளையத் தின்ன வயிறு எனக்கு, இதையும் அள்ளிக் குடுக்கச் சொல்றியா? சத்தியம் பண்ணினியேடா!” அப்பா அவளைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மாமாவுக்காக அழுகை வந்தது. “மாமா நல்லாத்தான் போட்டாரு, நான்தான் கேட்டேன்” என்று கட்டிலில் கிடந்தபடியே கத்தினேன்.

டாக்டரம்மா மட்டும் வேறு மாதிரி இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மாமாவை எழுந்து உட்காரச் சொன்னார். “அழுகாம சொல்லுங்க. சோறு மட்டுமா? ரொட்டி, ரஸ்க்கும் குடுத்தீங்களா?”

“இல்லங்கம்மா. மாவு ஓடையில போச்சு. ரொட்டி பூத்துப்போச்சு. ரஸ்க்கு...” மாமா அம்மாவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். “ரஸ்க்க நான் தின்னுட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணு ஒண்ணாத்தாங்க தின்னேன்.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உடனே முகம் மாறியது. நாற்காலியை அம்மா பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். சில பிள்ளைகளுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. அதில் இருக்கிற ஒரு பசை குடலைக் கெடுத்துவிடும். அப்புறம் எதைத் தின்றாலும் உடம்பில் சேராது. சீமையில் ஒரு தேசத்தில் சண்டை நடந்து ரொட்டிக்குப் பஞ்சம் வந்தபோது, இந்த மாதிரி வயிறு உள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்களாம். சண்டை முடிந்து ரொட்டி வந்ததும் திரும்பப் படுத்தார்களாம். அதிலிருந்துதான் அங்கே உள்ள வைத்தியர்களுக்கே இது பிடிபட்டதாம். “இவளுக்கு அதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். நம்ம பக்கம் நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. ஆனா மலையில நடந்ததைப் பாத்தா அப்படித்தான் தோணுது. ரொட்டி, பன், ரஸ்க், ரவை, சேமியா, மைதா எல்லாத்தையும் நிறுத்துங்க. சோறு போடுங்க.”

“சோறா?” என்றார் அப்பா.

“சோறுதான். வயிறு நிறைய.”

மாமா டாக்டரம்மாவைக் கும்பிட்டார். அப்பா தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். இன்றைக்கே சோறு கிடைக்குமா, என்ன குழம்பு என்பது என் கவலை. அம்மா ஒருத்திதான் அசையாமல் இருந்தாள். அப்புறம் கேட்டாள். “இது... கூடப் பொறந்ததுகளுக்கும் வருமா டாக்டரம்மா?”

“வரலாம்மா. ஒரே வீட்டில் வர்றதுண்டு. இவளுக்கு மேல கீழ வேற பிள்ளைகள் இருக்கா?”

யார் கேட்டாலும் அம்மா, “மேல ஒருத்தன் இருந்தான்” என்று ஆரம்பித்து அவன் பேச்சு, அவன் நடை எல்லாவற்றையும் சொல்லுவாள். அன்றைக்கு, “இல்ல” என்றாள். அவ்வளவுதான். ஏன் பொய் சொல்கிறாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பா அவளைப் பார்த்தார், பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ரயிலில் வரும்போது, எல்லாருக்கும் இவ்வளவு சந்தோஷமான நாளில் அம்மா மட்டும் ஏன் உம்மென்று வருகிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

வீட்டுக்கு வந்த அன்றே அம்மா கோதுமை மூட்டையைக் கிட்டங்கிக்குத் தள்ளிவிட்டாள். எனக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி உரல். அத்தை தாம்தூம் என்று குதித்தாள். “சீக்குப் பிள்ளைக்குச் சோறு போடச் சொல்றவ ஒரு டாக்டரா? ஊரு சிரிக்கும்!” அம்மா அதே கல் மாதிரி நின்று சோற்றை ஊட்டினாள். ஊரும் கொஞ்ச நாள் சிரிக்கத்தான் செய்தது. என்னைப் பார்க்க வருகிறவர்கள் வழக்கம்போலப் பன் பொட்டலத்தோடு வருவார்கள். அம்மா வாசலிலேயே வாங்கிக் காய் பொறுக்குகிறவர்களிடம் கொடுத்துவிடுவாள். பாவம், சேட்டனுக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று. “ஞான் விஷமோ மோளுக்குக் கொடுத்தது?” என்று கடை வாசலில் நின்று கண் கலங்கினாராம். அப்பா நேரில் போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தார். அதன்பிறகு அவர் அரிசிமாவை வாங்கி, தன் ஊர் வழக்கப்படி ஆப்பம் சுட்டு எனக்கு அனுப்ப ஆரம்பித்தார். பஞ்சு மாதிரி இருக்கும்.

கோதுமை எங்கெல்லாம் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. கோவில் கேசரியில் ரவை. கல்யாண வீட்டு அல்வாவில் கோதுமை. கடை பஜ்ஜியில் மைதா. கட்டிப் பெருங்காயத்தில்கூட மாவு கலக்கிறார்கள் என்பது நான் இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதுவரை அவ்வப்போது வந்த வயிற்றுவலிக்குப் புகுந்த வீட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது இதற்கென்று தனிக் கடை, தனி மாவு எல்லாம் வந்துவிட்டன. விலையைப் பார்த்தால்தான் வயிறு கலங்குகிறது.

மனுஷப் புத்தியைப் பாருங்கள். சோறு தட்டில் வந்து விழுந்த உடனே எனக்குப் பன்மேல் ஆசை வந்துவிட்டது. எட்டு வருஷம் குமட்டிய அதே பன். மாசியில் அண்ணன் நாள் வரும், தின்ன முடியாவிட்டாலும் படையலில் வைத்ததை மோந்தாவது பார்க்கலாம் என்று காத்திருந்தேன்.

அந்த நாள் வந்தது. எனக்கு அப்போது கால் வீக்கம் வடிந்து, சுவரைப் பிடிக்காமல் நடக்கிற அளவுக்குத் தெம்பு வந்திருந்தது. சேட்டன் மறக்காமல் உலர்ந்த திராட்சை வைத்த இரண்டு பன்னை இலையில் சுற்றி அனுப்பியிருந்தார். அம்மா அதையும் வாசலிலேயே கொடுத்துவிட்டாள். படத்துக்குப் பூப் போட்டாள். இலை விரித்தாள். அடுப்படியிலிருந்து ஆவி பறக்கப் பறக்கச் சோறு கொண்டுவந்து இலையின் நடுவில் கொட்டினாள். பருப்பு ஊற்றி, நெய் விட்டு, சூடு பொறுக்காத கையால் குழையக் குழையப் பிசைந்தாள். பால்குடி மறந்த பிள்ளைக்கு உருட்டுகிற அளவில் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, இலையின் விளிம்பில் வரிசையாக வைத்தாள். எப்போதும் பக்கத்தில் நின்று இதைச் செய், அதைச் செய் என்று சொல்லுகிற அத்தை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். வாயில் முந்தானையை வைத்திருந்தாள்.

“அண்ணனுக்குப் பன்னுதானம்மா பிடிக்கும்?” என்றேன்.

“இல்லத்தா” என்றாள் அம்மா. “அவன் சோறுதான் கேட்டான்.”

பிறகு படத்தைப் பார்த்து, ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிற மாதிரி, “தின்னுப்பா. எம்புட்டு வேணுமோ தின்னு. அம்மா இனிமே ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்” என்றாள். முகமெல்லாம் தண்ணீர். துடைத்துக்கொள்ளவில்லை, கையெல்லாம் சோறு.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். பன்னைக் கண்டால் நான் ஏங்கிப்போவேன் என்றுதான் அம்மா வைக்கவில்லை. எனக்காக அண்ணனுடைய படையலையே மாற்றிவிட்டாள். என்மேல் எவ்வளவு பிரியம்! இந்த வீட்டில் இனி நான்தான் முக்கியம் என்று படத்தில் இருந்த தொப்பிக்காரனைப் பார்த்துக் கொஞ்சம் கர்வமாகக்கூட நின்றேன்.

படைத்து முடிந்ததும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் வாயில் வைத்தாள். நான் மளமளவென்று விழுங்கினேன். வயிறு முட்டியது. போதும்மா என்று கையைத் தட்டினேன். அம்மா விடவில்லை. கடைசி உருண்டையை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், “ஒரே ஒரு வாய்ப்பா” என்று கெஞ்சினாள். “ஒரே ஒரு வாய்.”

பெண்பிள்ளையைப் போய் அப்பா என்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தேன்.